நாடு கெட்டுவிட்டது, எங்கள் தெரு மட்டும் பரவாயில்லை

"உங்கள் தெருவில் போன வருடத்தைவிடக் குற்றம் கூடியிருக்கிறதா?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்பார்கள். "நாட்டில்?" என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள். "அதை ஏன் கேட்கிறீர்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது" என்று உடனே பதில் வரும்.

அமெரிக்காவில் கேலப் நிறுவனம் இந்த இரண்டு கேள்விகளையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. 1993-க்குப் பிறகு 30 ஆண்டுகளில் நாட்டைப் பற்றி 27 முறை கேட்டிருக்கிறார்கள். அதில் 23 முறை, நூற்றுக்கு 60 பேரோ அதற்கு மேலோ, சென்ற ஆண்டைவிடக் குற்றம் கூடிவிட்டது என்றார்கள். தங்கள் பகுதியைப் பற்றி அப்படிச் சொன்னவர்கள் எப்போதும் அதைவிடக் குறைவுதான். இதில் எங்கோ கணக்கு உதைக்கிறது. எல்லாத் தெருக்களும் சேர்ந்ததுதானே நாடு? பெரும்பாலான தெருக்கள் பரவாயில்லை என்றால் நாட்டில் மட்டும் குற்றம் எப்படி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும்?

ஏறவில்லை. 1993-க்கும் 2022-க்கும் இடையில் அமெரிக்காவின் வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்கின்றன எஃப்பிஐ தொகுக்கும் காவல்துறைப் பதிவுகள். காவல்துறைக் கணக்கை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. புகாரே கொடுக்காதவர்கள் ஏராளம். கொடுத்தும் பதிவாகாதவையும் உண்டு. ஏட்டில் ஏறாத இந்தக் குற்றங்களை ‘இருட்டுக் கணக்கு’ என்று சொல்லலாம். அதையும் சேர்த்து எண்ணுவதற்காகவே அங்கே 1973 முதல் இன்னொரு கணக்கெடுப்பு நடக்கிறது. காவல் நிலையத்தை விட்டுவிட்டு நேரே வீடுகளைத் தொடர்புகொண்டு, கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறார்கள். புகார் கொடுத்தீர்களா என்பது அதற்கு அடுத்த கேள்வி. அந்தக் கணக்கில் வீழ்ச்சி இன்னும் பெரிது: 71 விழுக்காடு. ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் எண்ணியும் ஒரே திசையில் விடை வந்தால் அதை நம்பலாம்.

இடையில் உண்மையாகவே குற்றம் கூடிய ஆண்டுகளும் உண்டு. 2020-இல் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகரித்தன. அந்த ஆண்டு அஞ்சியவர்கள் சரியாகவே அஞ்சினார்கள். ஆனால் 2023-இல் கொலைகள் பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தபோதும், நூற்றுக்கு 77 பேர் நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்றே கேலப்பிடம் சொன்னார்கள்.

தெருவை நாம் தினமும் பார்க்கிறோம். நாட்டை அப்படிப் பார்க்க முடியாது. நாடு நமக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்கிறது. ஆகவே விடையைச் செய்தி உருவாகும் இடத்தில் தேட வேண்டும்.

1890-களில் நியூயார்க் காவல்துறையின் தலைமையகம் மல்பெரி தெருவில் இருந்தது. அதன் நிலவறை கோடையில் குளுகுளுவென்று இருக்கும் என்பதால் நிருபர்களும் துப்பறிவாளர்களும் அங்கே ஒதுங்குவார்கள். ஈவினிங் போஸ்ட் பத்திரிகையின் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் ஒருநாள் அங்கே கண்ணயர்ந்திருந்தபோது, ஒரு துப்பறிவாளர் மற்றவர்களிடம் சொன்ன திருட்டுக் கதை காதில் விழுந்தது. அதைச் செய்தியாக்கினார். ஈவினிங் சன் பத்திரிகையின் ஜேக்கப் ரீஸிடம் அவருடைய ஆசிரியர், "இது நமக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டார். ரீஸ் வேறொரு திருட்டைத் தேடிப் பிடித்தார். அடுத்த நாள் ஸ்டெஃபன்ஸ் இன்னொன்று. மற்றப் பத்திரிகைகளின் நிருபர்களுக்கும் திட்டு விழ, ஆளாளுக்குக் குற்றங்களைத் தோண்டத் தொடங்கினார்கள். ஊரே ‘குற்ற அலை’ என்று அலறியது. அப்போது காவல் வாரியத் தலைவராக இருந்தவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட். அவர் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நிருபர்களையும் அழைத்துப் பேசினார். அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள், அலையும் ஓய்ந்தது. அந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிகமாகக் குற்றம் நடக்கவே இல்லை என்று 1931-இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஸ்டெஃபன்ஸ் எழுதினார்.

இது ஒருவர் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொன்ன கதை. அறிவியலுக்கு இது போதாது. அதே நகரத்தில் 1976-இன் இறுதியில் இதே போன்ற ஒன்று நிகழ்ந்தபோது, மார்க் ஃபிஷ்மன் என்ற சமூகவியலாளர் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் செய்தி அறையில் ஆய்வுக்காக அமர்ந்திருந்தார்.

அப்போது நியூயார்க்கின் மூன்று நாளிதழ்களிலும் ஐந்து தொலைக்காட்சி நிலையங்களிலும் முதியவர்கள் மீதான தாக்குதல் பற்றிய செய்தி தொடர்ந்து வந்தது. ஏறத்தாழ ஏழு வாரம் இது நீடித்து, தேசிய ஊடகங்கள்வரை போனது. முதியோரைக் காக்கும் காவல் பிரிவு விரிவாக்கப்பட்டது. சிறார் குற்றவாளிகளுக்குக் கடும் தண்டனை கோரும் மசோதாக்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்தன. ஃபிஷ்மன் காவல்துறைப் புள்ளிவிவரங்களைப் பார்த்தார். முதியவர்கள் கொலை முந்தைய ஆண்டைவிட 19 விழுக்காடு குறைந்திருந்தது. வழிப்பறி போன்றவை கூடியிருந்தன. ஆனால் அவை முதியவர்களுக்கு மட்டுமல்ல, எல்லா வயதினருக்கும்தான் கூடியிருந்தன. முதியவர்களைக் குறிவைத்த தனி அலை எதுவும் பதிவேட்டில் இல்லை.

யாராவது பொய்ச் செய்தி போட்டார்களா? இல்லை. அச்சான ஒவ்வொரு சம்பவமும் நடந்ததுதான். இந்த ஆய்வில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். செய்தி ஆசிரியரின் மேசைக்குத் தினமும் கட்டுக்கட்டாகத் தகவல்கள் வருகின்றன. ஒரு மூதாட்டியின் கைப்பை பறிபோனது என்ற துண்டுச் செய்தி தனியாக வந்தால் அது குப்பைக்கூடைக்குப் போகும். ‘முதியவர்களுக்கு ஆபத்து’ என்ற கருப்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதே துண்டுக்கு இடம் கிடைத்துவிடும். இரண்டு மூன்று தொடர்பில்லாத சம்பவங்களை ஒரே தலைப்பின்கீழ் அடுக்கினால் நிகழ்ச்சியும் கோவையாகத் தெரியும். ஒரு நிலையம் மற்ற நிலையத்தைப் பார்க்கிறது. நாளிதழ் ஆசிரியர் மாலைத் தொலைக்காட்சியைப் பார்க்கிறார். எல்லோரும் ஒரே கருப்பொருளைத் தொடுவதே அது உண்மை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. ஊடகம் எதைத் தேடுகிறது என்பதைப் புரிந்துகொண்ட காவல்துறையும் அதே வகைச் சம்பவங்களை எடுத்துக் கொடுக்கிறது. மறு ஆண்டு ஏப்ரலில் நடந்த தேசியக் கருத்துக்கணிப்பு ஒன்றில், தங்கள் பகுதியில் முதியோர் மீதான தாக்குதல் கூடிவருவதாக நூற்றுக்கு 60 பேர் சொன்னார்கள்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது ஏன் பலிக்கிறது? பானையை நன்றாகக் கிளறிவிட்டு, கைக்கு வந்த பருக்கையை எடுக்கிறோம். எந்தப் பருக்கை என்று தேர்ந்தெடுப்பதில்லை. புள்ளியியலில் ‘சமவாய்ப்பு மாதிரி’ என்பது இதுதான். கருகிய பருக்கைகளை மட்டும் தேடி எடுத்து நம் கையில் ஒருவர் வைத்தால், பானை முழுதும் கருகிவிட்டது என்றுதான் முடிவுக்கு வருவோம். செய்தி என்பது தேடி எடுத்த பருக்கை. வழக்கத்துக்கு மாறானது என்பதால்தான் அது செய்தியாகவே ஆகிறது.

இந்தத் தேர்வு எவ்வளவு கோணலானது என்று 1979-இல் பார்பரா கோம்ப்ஸும் பால் ஸ்லோவிக்கும் எண்ணிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் இரண்டு எதிர் முனைகளில், ஓரிகனில் ஒன்றும் மாசச்சூசெட்ஸில் ஒன்றுமாக, இரண்டு நாளிதழ்களை எடுத்துக்கொண்டார்கள். சாவு பற்றிய செய்திகளைக் காரணவாரியாகப் பிரித்தார்கள். அந்நாட்டில் நோய்கள் கொலைகளைவிடச் சுமார் 100 மடங்கு உயிர்களைப் பறித்தன. ஆனால் எல்லா நோய்ச் சாவுகளையும் சேர்த்து வந்த செய்திகளைப்போலக் கொலைச் செய்திகள் மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தன. நாட்டின் இரு கோடிகளில் இருந்த அந்த இரு பத்திரிகைகளும் ஒன்றைப்போலவே ஒன்று கோணியிருந்தன. ஸ்லோவிக்கின் குழுவினர் அதற்கு முந்தைய ஆண்டுதான் 41 சாவுக் காரணங்களைக் கொடுத்து, எது எத்தனை பேரைக் கொல்கிறது என்று மக்களை மதிப்பிடச் சொல்லியிருந்தார்கள். விபத்துகளெல்லாம் சேர்ந்து கொல்வதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு பேரைப் பக்கவாதம் கொன்றது. ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் விபத்தே அதிகம் என்றார்கள். மக்கள் செய்த பிழைகளும் செய்தித்தாளின் கோணல்களும் பெரிதும் ஒத்துப்போயின.

ஏன் இப்படி மதிப்பிடுகிறோம்? 1973-இல் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் செய்த எளிய சோதனை ஒன்று இதற்கு விடை சொல்கிறது. 39 பெயர்களை ஒலிநாடாவில் ஓடவிட்டார்கள். ஒரு பட்டியலில் 19 பேர் புகழ்பெற்ற பெண்கள், 20 பேர் அவ்வளவு புகழில்லாத ஆண்கள். இன்னொன்றில் இது மாறியிருக்கும். கேட்டு முடித்தவர்களிடம் ஆண் பெயர் அதிகமா, பெண் பெயர் அதிகமா என்று கேட்டார்கள். 99 பேரில் 80 பேர் புகழ்பெற்றவர்கள் இருந்த பக்கமே அதிகம் என்று தவறாகச் சொன்னார்கள். எலிசபெத் டெய்லரின் பெயர் மனதில் நின்றது, மற்றது நழுவியது. நாம் எதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. எளிதாக நினைவுக்கு வருவதை ‘அதிகம்’ என்று எடுத்துக்கொள்கிறோம். இதற்கு ‘நினைவெளிமை’ என்று பெயர் வைக்கலாம். இது மூளையின் கோளாறு அல்ல. செய்தித்தாளோ திரையோ இல்லாத காலத்தில், அடிக்கடி நினைவுக்கு வருவது பெரும்பாலும் அடிக்கடி நடப்பதாகவே இருந்தது. இன்று ஒரே சங்கிலிப் பறிப்பின் சிசிடிவி காட்சியைக் காலையில் ஒரு சேனலிலும் மதியம் இன்னொன்றிலும் இரவில் வாட்ஸ்அப்பிலும் பார்க்கிறோம். நடந்தது ஒன்று. நினைவில் பதிந்தது பல.

இதுவரை சொன்னதை வைத்து, செய்திதான் பயத்தை உண்டாக்குகிறது என்று முடிவுகட்டிவிட முடியுமா? அவசரப்படக் கூடாது. ஊடகத்தின் தாக்கத்தை ஆராயும் துறையே ஒருமுறை அந்த அவசரத்துக்காக அடி வாங்கியது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் இறுதியிலிருந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில், குறிப்பாக நாடகங்களில், வன்முறையை எண்ணி வந்தார். பிறகு மக்களிடம் போய், ஒரு வாரத்தில் நீங்கள் வன்முறையில் சிக்குவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றா, நூறில் ஒன்றா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார். நாளெல்லாம் திரைமுன் இருப்பவர்கள் திரையுலகத்துக்குப் பொருந்தும் விடையையே அதிகம் தந்தார்கள். பிறரை நம்ப முடியாது என்றும் அவர்களே அதிகம் சொன்னார்கள். உலகம் பொல்லாதது என்ற இந்த எண்ணம் சிறிது சிறிதாக விதைக்கப்படுகிறது என்றார் கெர்ப்னர். அவருடைய கருத்துக்கு ‘விதைப்புக் கோட்பாடு’ என்று பெயரிடலாம்.

1979-இல் டொரான்டோவிலிருந்து ஆந்தனி டூபும் க்ளென் மெக்டொனால்டும் ஒரு மறுப்பை வைத்தார்கள். குற்றம் மிகுந்த பகுதியில் குடியிருப்பவர்கள் வெளியே போகப் பயந்து வீட்டிலேயே இருந்து தொலைக்காட்சி பார்க்கலாம் அல்லவா? அப்படியானால் பயத்துக்குக் காரணம் திரையல்ல, தெரு. குற்றம் மிகுந்த, குறைந்த பகுதிகளைத் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டார்கள். கெர்ப்னர் கண்ட தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோனது. குற்றம் மிகுந்த நகரப் பகுதியில் மட்டும் எஞ்சியது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. இதைப் பாடமாக எல்லோரும் படிக்கிறோம், ஆனால் ஒரு துறையே அதில் தடுக்கி விழுந்து எழுந்ததைப் பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

சரியான சோதனை என்றால், ஒரே மாதிரி மக்களில் பாதிப் பேருக்குக் குற்றச் செய்தியைக் குறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். யார் அதற்கு ஒப்புவார்கள்? இத்தாலியில் அது தானாகவே நடந்தது. 2008 முதல் 2012 வரை அங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பகுதி பகுதியாக டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். அதுவரை ஆறு பெரிய சேனல்களே கோலோச்சின. அவற்றில் அரசியல்வாதி பெர்லுஸ்கோனியின் குடும்பத்துக்குச் சொந்தமான மீடியாசெட் சேனல்கள் குற்றச் செய்திக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கின. டிஜிட்டல் வந்ததும் புதுச் சேனல்கள் குவிந்தன. மக்கள் அங்கும் இங்கும் பிரிந்தார்கள், பழைய சேனல்களின் குற்றச் செய்தி அவர்கள் கண்ணில் படுவது குறைந்தது. எந்தப் பகுதிக்கு எப்போது டிஜிட்டல் என்பதற்கும் அங்கே நடக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமில்லை. ஆகவே மாறிய பகுதியையும் இன்னும் மாறாத பகுதியையும் ஒப்பிட முடிந்தது. நிக்கோலா மாஸ்ட்ரோரோக்கோவும் லூயிஜி மினாலேவும் அதைச் செய்தார்கள். மாறிய பகுதிகளில் குற்றம் பற்றிய கவலை குறைந்தது, அதிலும் 65 வயதைக் கடந்தவர்களிடம்தான் பெரிதும் குறைந்தது. வேறு வழியில் செய்தி அறியாமல் திரையையே நம்பியிருந்தவர்கள் அவர்கள்தான். இத்தகைய வாய்ப்பை ‘இயல்சோதனை’ என்கிறோம். கெர்ப்னர் சொன்னதில் சாரம் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

எல்லாக் குற்றச் செய்தியும் ஒரேபோலப் பயமுறுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லிண்டா ஹீத் 1984-இல் அமெரிக்க நாளிதழ் வாசகர்களை ஆராய்ந்தார். காரணமே இல்லாமல் யாரோ தாக்கப்பட்டது உள்ளூர்ச் செய்தியாக வந்தால் பயம் கூடியது. அதே வகைச் சம்பவம் தூரத்து ஊரில் நடந்ததாக வந்தால், நம் ஊர் பரவாயில்லை என்ற நிம்மதியே வந்தது. இந்தக் கட்டுரை தொடங்கிய புதிரின் ஒரு பாதி இதில் இருக்கிறது.

இனி நம் நாடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. முப்பது ஆண்டுகளுக்கு முன், மக்கள்தொகை மிகக் குறைவாக இருந்தபோதே, அது 40,000 அளவில் இருந்தது. லட்சம் பேருக்கு 4-க்கு மேல் இருந்த விகிதம் 2.1 ஆகியிருக்கிறது. அதே 2022-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். கொலைக்குத் தரும் கவனத்தில் பாதியையாவது சாலைக்கு நாம் தருகிறோமா?

இதைவிட என்னை வாட்டும் கோணல் ஒன்று உண்டு. நம் மனதில் குற்றவாளி என்றால் இருட்டில் நிற்கும் முகம் தெரியாத ஆள். பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: உறவினர், அக்கம்பக்கத்தார், நண்பர், வேலை கொடுத்தவர். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேர். இது எந்த நாளும் பிரேக்கிங் நியூஸ் ஆவதில்லை, தினமும் நடப்பதால். விளைவு, அந்நியனுக்குப் பயந்து மகளின் மாலை வகுப்பை நிறுத்துகிறோம், இரவுப் பணி வேண்டாம் என்கிறோம். ஆபத்து அதிகமுள்ள இடத்திலேயே அவளைப் பூட்டி வைக்கிறோம்.

அந்நியன் மீதான பயம் உயிரையும் குடிக்கும். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் நாடெங்கும் பரவியது. பரவிய காணொளிகளில் ஒன்று கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவிடும் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வழி கேட்டு நின்ற ஒரு குடும்பத்தின் மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றது.

குற்றச் செய்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாத்தான்குளத்தில் 2020-இல் காவலில் அடிபட்டுத் தந்தையும் மகனும் இறந்த கொடுமை செய்தியானதால்தான் நாடு முழுதும் கொதித்தது. செய்தி வேண்டும். கூடவே எண்ணிக்கையும் வேண்டும். ஒரு கொலைச் செய்தியின் கீழே, இந்த மாவட்டத்தில் இந்த ஆண்டு இத்தனை, போன ஆண்டு இதே காலத்தில் இத்தனை என்று இரண்டு வரி சேர்ப்பது எந்தப் பத்திரிகைக்கும் எந்தச் சேனலுக்கும் கடினமான வேலையல்ல.

ஆனால் அந்த இரண்டு வரிக்கும் நம்பகமான எண் வேண்டுமே. அமெரிக்கா 1973-லிருந்தும் இங்கிலாந்து 1982-லிருந்தும் வீடுவீடாகக் கேட்டு வரும் கணக்கு நம்மிடம் இல்லை. எஃப்ஐஆரில் ஏறியதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதிலும் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் கடுமையான ஒன்று மட்டுமே கணக்கில் சேரும். பதிவு கூடினால் குற்றம் கூடியதா, புகார் கொடுக்கும் துணிவு கூடியதா என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. கணவன் அடித்தானா என்ற கேள்வியையே பெண்களிடம் தனியாக, பக்குவமாகக் கேட்டு விடை வாங்கத் தெரிந்த ஆய்வுக் களப்பணியாளர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கெடுப்பைத் தமிழ்நாடு அரசு தன் அளவிலாவது ஆண்டுதோறும் நடத்த வேண்டும், முடிவுகளை மறைக்காமல் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.